பால்சுறா ஆக்கின காலை

எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட மனோகரன் வீட்டோடு கிடந்து நாற்பது நாளாகிறது. அவன் பார்க்கத் தின்பது பாவமென்று, மீன் விற்கும் மனைவி புஷ்பவல்லி அத்தனை நாளும் வீட்டில் மட்டும் மீன் சமைக்கவில்லை. நேற்று புருஷன் வெடித்துவிட்டான். "எழவு வூட்லதான்டி மீன் ஆக்க மாட்டாங்கோ. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

காலையில் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்புமுன், ஆஸ்பத்திரி டயட் மேடம் கொடுத்த தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"யோவ், பால்சுறா புட்டு அடுப்பு மேல கீது. காரம் போடல. புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதுதான், சிரிக்காத. டயட் மேடத்தப் போன்ல கேட்டுட்டேன். சின்ன ஸ்பூன்ல நாலே ஸ்பூன், கூழாவறவரைக்கும் மென்னு துன்னு. தண்ணி அர மணி கழிச்சிதான். உங்க அக்கா டோல்கேட்லேர்ந்து பிரியாணி எடுத்தாந்தா வாங்கி வெய்யி, மூடியத் தொறக்காத."

வாசல் வரை போனவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, அடியில் இடுக்கி எழுதினாள்.

"எனக்குக் காரக்கொழம்பு தனியா வெச்சிகீறேன். மதியம் வந்து உன் எதிர்லியே குந்தித் துன்னுவேன். அதுவரைக்கும் ஜன்னல சாத்தாத. மீன் வாசன தெருக்கோடி வரைக்கும் போவட்டும்."