இரக்கம் போட்டிக்குப் போன கதை

இராஜபாளையம்
12–3–1936

அன்பு மகன் பொன்னுராஜுக்கு அம்மா அன்னத்தாய் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் உயிரோடும் சண்டையோடும் சுகமாயிருக்கிறோம், அதுபோல நீயும் ரங்கூனில் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. நாற்பத்திநாலு வயசில் அம்மா பிள்ளை பெற்றாள் என்பதைச் சிநேகிதர்களிடம் எப்படிச் சொல்வது என்று கூசித்தான் நீ இத்தனை மாதம் எழுதாமல் இருந்தாய், எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் கூச்சமில்லையா, கோயிலில் என் வயசுக்காரிகள் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும்போது நான் என் சொந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நீயே பாப்பா தவழுகிறாளா, பல் வந்ததா என்று கேட்டிருக்கிறாய். போன மூன்று கடிதத்திலும் பாப்பா நல்ல சுகம் என்று எழுதினேனே, அது பொய். இதில் நிஜத்தை எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை வாசி, நடுவில் சிரிப்பும் இருக்கிறது.

பிறந்த இருபதாம் நாளே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பால் குடிக்கையில் அவளுக்கு மூச்சு வாங்கியது, அழுதால் உதடு நாவற்பழம் தின்றவள் போல நீலமாயிற்று. டாக்டர் செல்லத்தாயம்மாள் அவள் கண்ணையும் நாக்கையும் உள்ளங்கையையும் பார்த்தார்கள், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்கள், பிறகு இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, இங்கிலீஷில் மங்கோல் என்று சொல்லுகிற வகைக் குழந்தையாம் இவள், கண் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், புத்தியும் உடம்பும் மெதுவாகத்தான் வளரும். இரண்டு, இருதயத்துக்குள் அடைபட வேண்டிய துவாரம் ஒன்று அடைபடவில்லை. இரண்டுக்கும் மருந்து கிடையாது, “ஒரு வருசம் தாண்டினா அதிசயந்தான், மனசைத் தேத்திக்கிடுங்கம்மா” என்றார்கள். நான் அங்கேயே அழுதேன். உன் அப்பா காதில் மங்கோல் என்ற ஒரு சொல்தான் விழுந்திருந்தது. ஊர் திரும்பியதும் பள்ளிக்கூட வாத்தியாரிடம் பூகோளப் படம் வாங்கிவந்து விரித்து, சீனாவுக்கு மேலே அந்தத் தேசத்தைக் கண்டுபிடித்து, “ஏட்டி, எங்க வம்சத்துல ஒருத்தனும் கொளும்பைத் தாண்டினதில்ல, உங்க பக்கம் யாரும் போயிருக்காவளா?” என்று என்னைக் கேட்டார். நான் சாத்தூரையே தாண்டினதில்லை என்றேன். மறுநாள் வாத்தியாரிடம் என்ன கேட்டு வந்தாரோ, “அவிய குதிரையில ஏறி ஒலகத்தையே பிடிச்ச கூட்டமாம்லா” என்று பேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார். வருஷம் தாண்டாது என்றதால் அந்த வாரமே ஞானஸ்நானம் கொடுத்துத் தேவஇரக்கம் என்று பேர் வைத்தோம்.

உன் அப்பா உன்னை ஒரு நாள் தூக்கினவரில்லை. இப்போது பஞ்சு பேக்டரியிலிருந்து வந்ததும் என்ஜின் எண்ணெய் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேரே அவளிடம்தான் போகிறார். என்ஜினுக்குள் என்ன சத்தம் என்று கேட்க ஒரு முனையை இரும்பிலும் ஒரு முனையைக் காதிலும் வைப்பாரே, அந்த மரக்குச்சி போல ஒன்றைச் சின்னதாக இழைத்து, முனையில் துணி சுற்றி, அவள் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்கிறார். “வால்வு சரியா உக்காரல, புஸ்ஸுன்னு கசியுது. எங்க பழைய என்ஜினும் இப்படித்தான், பதினோரு வருசமா ஓடுதுலா” என்று எனக்குத் தைரியம் சொல்கிறார். குச்சி பட்டதும் பாப்பாவுக்குக் கூச்சம் வந்து சிரிக்கிறாள், சிரிப்பில் நெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை என்று இவர் அவளைக் கோபிக்கிறார். அழுதால் நீலமாகும், ஆகையால் இந்த வீட்டில் அவள் அழக் கூடாது என்பது சட்டம். அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரி வெங்கம்மா “நா பங்காரு தல்லி” என்று கொஞ்சிக்கொண்டே முறத்தைத் தட்டி ஆடுவாள், என் தங்கத் தாயே என்று அர்த்தமாம். நம் போதகர் வந்தால் ஜெபத்துக்கு முன்னால் சேவல் போலக் கூவ வேண்டும், கூவாவிட்டால் அவள் உதட்டைப் பிதுக்குவாள். பாவம் போதகர், வாசலிலேயே கூவிக்கொண்டுதான் வருகிறார். பாலை உறிஞ்சினால் களைத்துப்போகிறாள் என்று பீய்ச்சிச் சங்கில் எடுத்து, நாலு மடக்குக்கு ஒரு தரம் நிறுத்தி, நிமிர்த்தி வைத்துப் புகட்டுகிறேன். ஒரு வேளைப் பால் முடிய உலையில் அரிசி வெந்துவிடும்.

இப்படி எல்லாரும் கூத்தாட, நான் மட்டும் ஒரு கெட்ட காரியம் செய்துகொண்டிருந்தேன் ராஜா. கோயிலுக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் குல்லாவைக் கண்வரை இறக்கி, துண்டால் மூடித்தான் அவளைக் கொண்டுபோவேன். வெயில் ஆகாது என்று சொல்லிக்கொள்வேன், மழை பெய்யும்போதும் மூடுவேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தை வாரம் என்று வைத்தார்கள், ஆரோக்கியமான குழந்தைக்குப் பரிசு. உன் அப்பா என்னைக் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு அட்டையோடு வந்து நிற்கிறார். ஊர் சிரிக்கவா என்று கத்தினேன். “சிரிக்கட்டுமே, எம்புட்டுப் பேரு சிரிச்சாலும் நம்ம புள்ளயும் கூடச் சேந்துல்லா சிரிக்கும்” என்றார். அவரைத் தனியே விட்டால் பிள்ளையை எங்காவது வைத்துவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நானும் பஸ் ஏறினேன்.

நான் பயந்தபடியே நடந்தது. முப்பத்தொரு பிள்ளைகளையும் நிறுத்து முடிக்கப்போகிற நேரம், நம்மவளைத் தட்டில் வைத்துப் பன்னிரண்டே முக்கால் ராத்தல் என்றார்கள். பஞ்சு நிறுக்கிற தராசுகளைப் பார்த்துப் பார்த்து உன் அப்பாவுக்கு எந்தத் தராசிலும் நம்பிக்கை கிடையாது. சட்டைப் பையிலிருந்து பேக்டரியின் இரண்டு ராத்தல் படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார், முள் ஒன்றே முக்காலில் நின்றது. “பாத்தீயளா, கால் ராத்தல் திங்குது!” என்று மைதானமே கேட்கக் கத்தினார். அத்தனை பிள்ளைகளையும் மறுபடி நிறுக்க வேண்டியதாயிற்று. தூங்கினதை எழுப்பி, சட்டை போட்டதைக் கழற்றி, முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீறிட, தாய்மார்கள் உன் அப்பாவைத் திட்டினதை எழுத மாட்டேன். இரக்கம் அழுகையைக் கண்டவளா, அத்தனை வாய் ஒன்றாய்த் திறந்ததைப் பார்த்துத் தனக்காகத்தான் விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கை தட்டிச் சிரித்தாள். பரிசு தளவாய்புரத்துப் பிள்ளை ஒன்றுக்குப் போயிற்று, இருபத்தேழு ராத்தல், பரிசு கொடுக்க வந்து அதைத் தூக்கிய வெள்ளைக்காரத் துரைசானிக்கு மூச்சு முட்டியது.

நடுவராக வந்திருந்தது நம் டாக்டர் செல்லத்தாயம்மாள். எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். குல்லாவை அவர்களே கழற்றினார்கள், என்னால் தடுக்க முடியவில்லை. குழாயை வைத்துக் கேட்டு, “ஓட்டை அப்படியேதான் இருக்கு. ஆனா வருசம் தாண்டிட்டாளே, எடையும் ஏறியிருக்கே, என்னம்மா செய்தீங்க?” என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா, “அழ விடுகதில்லங்கம்மா. அந்தப் புஸ்ஸுன்னு கேக்கே, அது எந்தப் பக்கத்து வால்வு?” என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, நான் எப்படிப் புகட்டுகிறேன் என்பதை மற்றத் தாய்மாருக்கு மேடையில் ஏறிக் காட்டச் சொன்னார்கள். குல்லா டாக்டரம்மா கையில், துண்டு உன் அப்பா தோளில், மூடுவதற்கு ஒன்றுமில்லை. நாலு மடக்கு, ஒரு நிறுத்தம், நாலு மடக்கு, ஒரு நிறுத்தம் என்று புகட்டினேன். சிரிப்பார்கள் என்று நினைத்த பெண்கள் நின்று பார்த்தார்கள். நான் இறங்கும்போது சோழபுரத்திலிருந்து வந்திருந்த சீனியம்மாள் என்கிறவள் என் சேலையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப்போனாள். அவளும் ஒரு மூட்டையாகத்தான் பிள்ளையை வைத்திருந்தாள். தராசுப் பக்கமே போகவில்லையாம். விலக்கிப் பார்த்தால் பத்து மாத ஆண்பிள்ளை, அதே கண், அதே நாக்கு, உள்ளங்கையை விரித்தால் இவளுக்குள்ளது போலவே குறுக்கே ஒற்றை ரேகை. “எனக்கு மட்டுந்தான் இப்படின்னு இருந்தேங்க்கா” என்று சொல்லி விம்மினாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன், இரண்டு பேரும் அழுதோம், பிள்ளைகள் இரண்டும் ஒன்றின் மூக்கை ஒன்று பிடித்துச் சிரித்தன. உன் அப்பா எட்டிப் பார்த்து, “சோழபுரம் வரைக்கும் குதிர வந்திருக்கே!” என்றார். இப்போது வியாழன்தோறும் சீனியம்மாள் பிள்ளையோடு வருகிறாள். பாப்பாவைத் துண்டு இல்லாமல் தூக்கிக்கொண்டு நடந்துதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களைக் கூட்டிவருகிறேன். கடைக்காரர்கள் பாப்பாவைக் கூப்பிடுகிறார்கள், அவள் எல்லாருக்கும் கையாட்டுகிறாள்.

இனி சிரிப்பில்லாத விஷயம். போன வாரம் சளி பிடித்து இரண்டு நாள் உதட்டின் நீலம் மாறவேயில்லை. உன் அப்பா பேக்டரிக்குப் போகாமல் பகல் முழுக்க அவளை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார், குச்சியைத் தொடவேயில்லை, அதைப் பார்த்துத்தான் நான் ரொம்பப் பயந்தேன். மூன்றாம் நாள் தேறிவிட்டாள், இப்போது என் கண்ணாடியைப் பறித்துக்கொண்டிருக்கிறாள். டாக்டரம்மா “நல்லா வளக்கீங்க, ஆனா எத்தன நாளுன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க” என்றார்கள். நீ கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது ராஜா, இப்போதே கேள். அவளுக்கு இன்னும் தவழ வரவில்லை, பல் இரண்டு வந்திருக்கிறது, உனக்கு அதில் ஒரு கடி உண்டு.

கப்பலிலும் கரையிலும் ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பாராக, உன் கையின் வேலை விளங்குவதாக. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காதே, வந்து இறங்கியதும் கை கழுவிவிட்டு அவளைத் தூக்கு. வயசைப் பார்த்துக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடாதே, அவள் உடம்பு மீன் போல நழுவும். ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை இடுப்புக்கு. முதல் தடவை பயமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு நீ அவளைக் கீழே விட மாட்டாய்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
நே. அன்னத்தாய்