செம்பூர் அறை கைமாறியது

12 ஜூலை 1964, ஞாயிறு

பம்பாயில் நாங்கள் குடியிருக்கும் சாலின், அதாவது வரிசை அறைக் கட்டடத்தின், கடைசி அறையைக் கைமாற்றி லாபம் பார்க்கத்தான் முன்பணம் கொடுத்திருந்தேன். நாளைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் ட்யூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த அந்தப் பணம் முழுவதும் போய்விடும்.

இன்று தாராவியில் இட்லிக்கடை வைத்திருக்கும் செல்லம்மாக்கா பார்க்க வந்தார். அறையைப் புகழ்ந்து பேசத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாய் திறந்ததும், "மழைக்குச் சுவர் ஒழுகும்க்கா. குழாயில விடியக்காலம் நாலு மணிக்குத்தான் தண்ணி" என்று வந்துவிட்டது.

"நாலு மணின்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாள் முழிச்சிருந்து பாத்தேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "கொறைய மொதல்ல சொல்லுத தரகர இன்னைக்குத்தாம்ட்டி பாக்கேன்! சொவத்துக்குத் தார் பூசிக்கிடுதேன். பேசி முடி."

நான் கேட்ட தொகைக்கே ஒப்புக்கொண்டு டோக்கன் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, பக்கத்துச் சாலில் ஓர் அறை காலியாகப் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். அங்கே குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்று பார்க்க நாளை நாலு மணிக்கு எழுந்துவிட வேண்டும்.