வாயில் இருந்தது கிராம்புப் பஞ்சு

அனுப்புநர்:
மு. தணிகைவேல் (வயது 57),
பள்ளத் தெரு, புதுவாயல் அஞ்சல்,
கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: ஆலை கேட் பதிவேட்டில் தொழிலாளி ஜோஷ்வா மீது பொய்யாக எழுதப்பட்ட புகையிலைக் குற்றத்தை நீக்கவும், அதை வைத்து 21.11.2025 அன்று நடத்தவுள்ள பணிநீக்க விசாரணையை நிறுத்தவும் வேண்டி, அந்தப் பொய்யை எழுதியவனே அளிக்கும் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இத்தகைய மனுவைப் பாதிக்கப்பட்டவர்தான் எழுதுவது வழக்கம். இதில் பாதிக்கப்பட்டவரால் பேனா பிடிக்க முடியாது, பேசவும் முடியாது. ஆகவே பாதிப்பைச் செய்தவன் எழுதுகிறேன்.

1. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றில் (பெயர், முகவரி இணைப்பு 1-இல்) ஆறு ஆண்டுகளாக ஏஜென்சி மூலம் காவலாளியாக இருந்தேன். சென்ற ஆண்டு அங்கே வாய்ச் சோதனை தொடங்கியது. ஷிப்ட் ஏறும்போது ஒவ்வொருவரும் வாயைத் திறக்க வேண்டும். கன்னத்தில் மாவா என்னும் மெல்லும் புகையிலையை ஒதுக்கியிருக்கிறார்களா என்று நான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிடிபட்டவருக்குப் பதினைந்து நாள் விடுப்பு கிடையாது. நல்ல நோக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஷிப்டுக்கு மூன்று பேராவது பிடிபட வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி திரு. சந்திரமோகன் உத்தரவிட்டார். நான்கு மாதத்தில் தொழிலாளர்கள் மாவா கொண்டுவருவதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். மூன்று மட்டும் மூன்றாகவே இருந்தது.

2. 09.09.2025 காலை ஷிப்டில் இரண்டு பேரைப் பிடித்திருந்தேன். வார்ப்பு அச்சுப் பிரிவைச் சேர்ந்த ஜோஷ்வா (வயது 31) கடைசியாக வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. "இன்னாடா ஒதுக்கி வெச்சிக்கினு இருக்க? துப்பு" என்றேன். "பல்லு வலி நைனா, பஞ்சு வெச்சிக்கினு இருக்கேன். நாளைக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரி போறேன்" என்றார். துப்பினார். பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை, கொஞ்சம் ரத்தம். அதைத் தூக்கிப் பார்த்தேன். கிராம்பு எண்ணெய் வாசம் அடித்தது.

3. ஐயா, இது தெரியாமல் செய்த பிழை என்று எழுதினால் எனக்கு நல்லது. அது உண்மையல்ல. வாசம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பதிவேட்டில் மூன்றாவது வரி காலியாக இருந்தது. "இடது கன்னத்தில் புகையிலைப் பொருள், கைப்பற்றி அழிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "நைனா, உனக்கே தெரியுதே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜோஷ்வா உள்ளே போனார். அவர் சண்டை போட்டிருந்தால் ஒருவேளை நான் அந்த வரியை அடித்துத் திருத்தியிருப்பேன். இப்படி நினைத்துக்கொள்வதுகூட என் பழியில் பாதியை அவர் தலையில் கட்டுவதுதான்.

4. மறுநாளைக்கு அவர் வாங்கியிருந்த விடுப்புச் சீட்டை அன்று மதியமே ரத்து செய்தார்கள். மருத்துவமனையில் பல் மருத்துவர் இருப்பது காலையில் மட்டும். இவருக்கு ஷிப்டும் காலையில். சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் ஒப்பந்த வேலை போய்விடும். ஆலையின் முதலுதவி அறையில் வலி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாறு நாளில் பல் வலி நின்றது. நின்றதைக் கண்டு அவரும் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன், வெட்கமில்லாமல். அதன் பிறகு ஒரு பக்க மூக்கில் கெட்ட வாடையுடன் சளி, காய்ச்சல், தலைவலி. 23.09.2025 அன்று கேட்டில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல் கிடைக்காமல் நின்றார். போதையில் வந்திருக்கிறார் என்று பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் அச்சுப் பிரிவில் வலிப்பு வந்து விழுந்தார். பதினைந்தாம் நாள் அதுதான்.

5. சென்னை அரசு மருத்துவமனையில் மண்டையைத் திறந்து சீழ் எடுத்தார்கள். மருத்துவர் அவர் மனைவி மோனிகாவிடம் விளக்கியபோது, பார்க்கப் போயிருந்த நானும் பக்கத்தில் நின்றேன். விளங்கியதை எழுதுகிறேன். நம் எல்லோர் வாயிலும் மூக்கிலும் கிருமிகள் குடியிருக்கின்றன. இருக்கிற இடத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் அவற்றால் கேடில்லை. ஜோஷ்வாவின் சொத்தைப் பல்லின் வேரில் அவற்றால் சீழ் கட்டியிருக்கிறது. மேல் கடைவாய்ப் பல் என்பதால் அதற்கு மேலே உள்ள சைனஸ் குழிக்குச் சீழ் ஏறி, அங்கிருந்து மூளையின் முன்பகுதிக்குப் போயிருக்கிறது. வலி நின்றது குணமானதால் அல்ல. சிலருக்கு இதே கிருமி ரத்தத்தில் போய் இதயத்தையோ ஈரலையோ பிடிப்பதும் உண்டாம். "ஒரு பல்லால இப்படியாவுமா டாக்டர்?" என்று மோனிகா கேட்டார். அபூர்வமாக ஆகும், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பல்லைப் பிடுங்கி மருந்து கொடுத்து அனுப்பியிருப்போம் என்றார் மருத்துவர். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

6. ஜோஷ்வா உயிரோடு இருக்கிறார். வலது கை தூக்க வராது. சொல்வது புரிகிறது, பதில் வாயில் வருவதில்லை. இந்த நிலையில் 03.11.2025 அன்று ஆலை அவருக்கு நோட்டீஸ் அனுப்பியுள்ளது (இணைப்பு 2). புகையிலைப் பழக்கத்தால் தானே வரவழைத்துக்கொண்ட நோய் என்றும், அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை என்றும், 21.11.2025 காலை 11 மணிக்கு நேரில் வந்து வாய்மொழியாக விளக்கம் தராவிட்டால் வேலையில்லை என்றும் எழுதியுள்ளார்கள். பேச்சு போனவரிடம் வாய்மொழி விளக்கம் கேட்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்தவருக்குக் கை கூசவில்லை. ஆதாரம் ஒன்றே ஒன்றுதான், என் கையெழுத்து. வேலை போனால் காப்பீட்டு அட்டை எத்தனை நாள் செல்லும், வலிப்பு மாத்திரையும் கைப் பயிற்சியும் எப்படித் தொடரும் என்று மோனிகாவுக்குச் சொல்ல ஆளில்லை.

7. நான் எழுதியது பொய், அடித்துவிடுகிறேன் என்று திரு. சந்திரமோகனிடம் போனேன். "எழுதுனது எழுதுனதுதான் பெருசு. இப்ப அடிச்சா நாம எல்லாரும் மாட்டுவோம். போய் வேலையப் பாரு" என்றார். மறு வாரமே என்னைக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துவிட்டேன் (இணைப்பு 3). ஆறு ஆண்டில் அந்த ஆலைக்குத் தெரியாமல் நான் செய்த ஒரே காரியம் அது.

ஆகவே ஐயா அவர்கள், அந்தப் பதிவைப் பொய் என்று அறிவித்து நீக்கவும், ஜோஷ்வாவின் வேலையும் சிகிச்சையும் தொடரவும், வாய்ச் சோதனையில் வீக்கமோ சீழோ கண்டால் அந்தத் தொழிலாளியை அன்றே மருத்துவரிடம் அனுப்ப எல்லா ஆலைகளுக்கும் உத்தரவிடவும் வேண்டுகிறேன். பொய் எழுதிய குற்றத்துக்கு என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். தண்டனையைக் குறைக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை.

விசாரணைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அன்று அந்த அறையில் மோனிகா கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்காரவைப்பார். கேள்வி கேட்பார்கள், அவர் வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. பதில் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். அதற்கு முன் என்னை அந்த அறைக்குள் விட உத்தரவிடுங்கள். பதில் என்னிடம் இருக்கிறது.

இடம்: திருவள்ளூர்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
மு. தணிகைவேல்
(பதிவேட்டில் உள்ள கையெழுத்தும் இதுவே)

இணைப்பு: 1. ஆலை விவரம் 2. நோட்டீஸ் நகல் 3. பதிவேட்டுப் பக்கத்தின் படம்