அப்பாவின் காலுக்கு எடுத்த படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆளுக்குப் பத்துக் கால்விரல்களோடு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இவள் ஏன் கால்விரலை எண்ணுகிறாள் என்று நினைப்பாய். சொல்கிறேன், பதறாமல் படி, எல்லாம் முடிந்த கதை.

அப்பாவுடைய வலது கால் கட்டைவிரல் புண் மூன்று மாதமாக ஆறாமல் இழுத்தடிப்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு புதுக் கேமரா வந்திருக்கிறது. ஊசி கிடையாது, தொடுவதுகூடக் கிடையாது. காலைப் படம் பிடித்தால் போதும், தோலுக்குள் எங்கே பிராணவாயு ஒழுங்காக வருகிறது, எங்கே வரவில்லை என்று நிறம் நிறமாகக் காட்டிவிடும். சிவப்பு என்றால் நல்லது, நீலம் என்றால் அந்த இடம் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தமாம். போன தடவை விரல் நுனி நீலம். செவ்வாய்க்கிழமை மறுபடி எடுக்கிறோம், நீலம் பரவியிருந்தால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவுக்கோ விரலைப் பற்றிக் கவலையே இல்லை, கவலையெல்லாம் படத்தைப் பற்றித்தான். முப்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்திய மனுஷர் அல்லவா. போன தடவையே, லைட்டக் கொஞ்சம் தள்ளி வைம்மா, விரலுக்கு நிழல் விழுது என்று படமெடுக்கும் பெண்ணிடம் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

செவ்வாயன்று கிளம்பும் முன் உன் அப்பா அரை மணி நேரம் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. வயிற்றுக் கோளாறு போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் படம் எடுத்தார்கள். திரையில் பார்த்தால் விரல் மட்டுமல்ல, கணுக்கால் வரை ஒரே நீலம். அந்தப் பெண் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள், அவர் இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூட்டி வந்தார். மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிவிட்டு, இது விரலோட நிக்காது போலிருக்கு, பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உன் அப்பா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, திட்டுத்திட்டா இல்லாம ஒரே சீரா வந்திருக்கு என்கிறார். பெரிய டாக்டர் நாடி பார்க்கக் காலைத் தொட்டார், கையுறையெல்லாம் ரோஸ் நிறம். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் முகத்துக்கு உன் அப்பா பூசுவாரே, அந்தப் பழைய ரோஸ் பவுடர் டப்பாவை எங்கிருந்தோ தேடியெடுத்து, புண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கால் முழுக்கப் பூசியிருக்கிறார். அதுவும் எப்படி, கண்ணால் பார்த்து யாருமே கண்டுபிடிக்க முடியாத நேர்த்தி. கேமரா பாவம், தோலை விட்டுவிட்டுப் பவுடரைப் பார்த்திருக்கிறது. உங்களுக்கு மூளை இருக்கா என்று டாக்டர் கேட்கவில்லை, நான் கேட்டேன். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். கால் முழுக்கச் சிவப்பு, நுனியிலும் நீலம் போன தடவையைவிடக் குறைச்சல். விரல் தப்பித்தது. மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, முகப் பவுடர் காலுக்குக் கூடாது என்று டாக்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

வழி நெடுக வாயில் வந்தபடி திட்டினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் மனுஷர் காரணத்தைச் சொன்னார். படத்தை அனுப்பச் சொல்லி நீ கேட்டிருந்தாயாம். கறுத்துப்போன கால பார்த்தா புள்ள அங்க தனியா உக்காந்து அழும்டி என்றார். திட்டுவதை விட்டுவிட்டு, மற்றச் செருப்பை நானே குனிந்து கழற்றிவிட்டேன்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பவுடர் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. துடைத்த காலின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்.

அன்புடன்,
உன் அம்மா