மே மாதத்துச் சாட்டின் கவுன்

அண்ணி,

இன்று காலை தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி போகும் பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் கழுத்தில் வேர்க்குருப் பவுடர் அப்பியிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, குழந்தையின் தலையில் கம்பளித் தொப்பி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "தொப்பியைக் கழட்டும்மா, கழுத்தை ஈரத் துணியால துடைச்சு விடு" என்றேன். "உனுக்கு இன்னாம்மா பேஜாரு? எங்க வூட்டுக் கொயந்தய நாங்க பாத்துக்கினுதான் கீறோம்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமான பிறகும் எனக்குப் பேச்சு வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

எண்பதுகளின் நடுவில் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்தேன். கல்யாணமே வேண்டாம் என்று டீச்சர் வேலை பார்த்துத் தம்பியை ஆளாக்கியவர் நீங்கள். பாப்பா பிறக்கும்வரை நமக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை. பிறந்த பிறகு அவள் உங்கள் பிள்ளையாகிவிட்டாள். பால் கொடுக்கிற வேலை மட்டும் என்னுடையது.

ஏப்ரலில் அவளுக்கு வேர்க்குரு கிளம்பியது. கழுத்து மடிப்பு, அக்குள், முதுகு எல்லாம் கேழ்வரகைத் தூவினது போலச் சிவப்புச் சிவப்பாக. நீங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவீர்கள். ஈரம் காய்வதற்குள் பவுடரைக் கொட்டுவீர்கள். அது வேர்வையில் ஊறி மாவாகி மடிப்பில் அடைத்துக்கொள்ளும். நான் துடைத்து எடுப்பேன். திரும்பி வருவதற்குள் மறுபடி வெள்ளையடித்து வைத்திருப்பீர்கள்.

ஜன்னல் சண்டை வேறு. சாயங்காலமானால் ஏரிப் பக்கமிருந்து அருமையான காற்று வரும். வந்தவுடன் சாத்திவிடுவீர்கள். ஃபேனை நான் மூன்றில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால் அது ஒன்றுக்கு வந்திருக்கும். கேட்டால், "வேர்வையில எந்தக் குழந்தையும் போனதில்ல. சளியிலதான் போகும்" என்பீர்கள். உங்கள் தம்பியிடம் முறையிட்டால் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்பார். இரண்டு பேரையும் அந்த ஏரியிலேயே தள்ளிவிடலாம் போல இருக்கும்.

இந்த லட்சணத்தில் மே மாதம் ஞானஸ்நானம். நம் குடும்பத்தில் எல்லாரும் வாத்தியார், டீச்சர். லீவு மே மாதம்தான். அதனால் கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றையும் கத்தரி வெயிலில் கொண்டுபோய் வைப்போம். ஊரிலிருந்து வந்தவர்களால் வீடு நிறைந்துவிட்டது. ஞானத்தாய் நீங்கள்தான். உங்கள் கையாலேயே வெள்ளைச் சாட்டினில் கவுன் தைத்திருந்தீர்கள்: உள்ளே லைனிங், மேலே நைலான் வலை, முழுக்கை, கழுத்துவரை பட்டன். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் போகப்போகிறவள் என் பிள்ளை.

அதற்கு முந்தைய வாரம் அவள் முதுகில் வேர்க்குரு சீழ் கோத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்து டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "வேர்வை வெளிய வர்ற வழியை அடைச்சா அது உள்ளயே நின்னு குருவா கிளம்பும். பவுடர் வேணாம், எண்ணெய் வேணாம். மெல்லிசு பருத்தித் துணி, நல்ல காத்து, அவ்வளவுதான். சீழுக்கு மருந்து தரேன்." பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் நீங்கள், "அவங்களுக்கு என்ன தெரியும், குழந்தையா குட்டியா" என்றீர்கள். உங்களுக்கு எத்தனை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மருந்தில் காய்ச்சல் விட்டது, முதுகு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அவளைக் கவுனுக்குள் திணித்துவிட்டீர்கள். கோயிலில் பாதி ஆராதனையில் அலற ஆரம்பித்தாள். முகம் ரத்தச் சிவப்பாகி, மூச்சுப் பிடித்து அழுதாள். அவளை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, ஆயர் அங்கி மாட்டும் வெஸ்ட்ரி அறைக்கு ஓடினேன். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். "இப்பவே கழட்டணும். இல்லேன்னா ஞானஸ்நானமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்தினேன். உங்களிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

பட்டன்களை ஒவ்வொன்றாக நீங்களே அவிழ்த்தீர்கள். லைனிங் முதுகில் ஒட்டியிருந்தது. அதை மெல்லப் பிரித்தெடுத்தீர்கள். "எனக்கும் உன் வீட்டுக்காரனுக்கும் நடுவுல இன்னொரு தம்பி இருந்தான். மார்கழியில நெஞ்சுல சளி கட்டி என் மடியிலதான் போனான். எனக்கு அப்போ ஒம்பது வயசு. அம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்லிட்டுப் போனாங்க, நான் மறந்துட்டேன்" என்றீர்கள்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பது? இதை ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும், அண்ணி? உங்கள் தம்பியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா பையில் வைத்திருந்த பழைய மல் வேட்டியைக் கிழித்துப் பாப்பாவைச் சுற்றினோம். ஓடுகிற ஃபேனுக்கும் அவளுக்கும் நடுவில் நீங்கள் போய் நின்றுகொண்டீர்கள். அப்போதும் அந்தப் பிடிவாதம் விடவில்லை. ஆயர் வேட்டித் துணியில் கிடந்த பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீர் பட்டதும் அவள் அழுகையை நிறுத்தினாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் படுத்த படுக்கையானீர்கள். அதுவும் கோடையில்தான். உங்கள் முதுகிலும் வேர்க்குரு வந்தது. நான் ஈரத் துணியால் ஒற்றி, காயவிட்டு, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பேன். "கொஞ்சூண்டு பவுடர் போடேன்" என்று கெஞ்சுவீர்கள். முடியாது என்பேன். ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்தே இருக்கும். இந்த வீட்டில் ஒருவழியாக என் ஆட்சி நடந்தது.

ஒரு மத்தியானம் கண்ணை மூடியபடியே, "தம்பிக்கு இருமல் வருது, ஜன்னலைச் சாத்தும்மா" என்றீர்கள். உங்கள் தம்பி வெளியே போயிருந்தார். எந்தத் தம்பி என்று நான் கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சாத்தினேன். கொக்கியும் போட்டேன். "சாத்திட்டேன் அண்ணி, அவன் தூங்குறான்" என்றேன். உங்கள் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். நீங்கள் தூங்கி எழும்வரை அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கு விசிறினேன்.

உங்கள் புண்ணியத்தில் எனக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அது அரித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு தானாக அமுங்கிவிட்டது. உங்கள் பயம் அப்படி அமுங்கவில்லை, அண்ணி. அதை என்னிடம் விட்டுப் போய்விட்டீர்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை இருமினாலும், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் போய் அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறேன்.