மூன்றாம் பாகமும் மெர்சி அக்காவின் மருதாணியும்

ஜன. 18, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர்வீடுகூடத் தெரியவில்லை. கோயில் பூசையில் அக்காவுக்கு மூன்றாவது, கடைசிக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. ஆட்சேபம் யாருக்கும் இல்லை. நான் கையைத் தூக்கியிருக்கலாம். வியாழன் கல்யாணம். மாப்பிள்ளை ஆரோக், கண்டமங்கலம். நல்லவராம். இருக்கட்டும். அக்காவைக் கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

ஓலை முடிந்த பெண் வாசல் தாண்டக் கூடாது. அம்மாவின் சட்டம். அக்கா ஒரே புலம்பல்.

ஜன. 19, திங்கள்

கிடைத்துவிட்டது!!!

லேப் வேலை முடிந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. பழைய வீடியோ கேம் கன்சோல், கையில் பிடித்து ஆடும் பேட் இரண்டு, கூடவே எங்கள் கப்பல் ஆட்டத்தின் மூன்றாம் பாகம். அது இந்தப் பெட்டியில் மட்டும்தான் வந்தது. ஒன்றும் இரண்டும் கம்ப்யூட்டரில் முடித்தோம், நான்கு போனில். நடுவில் மட்டும் ஓட்டை. இரண்டாம் பாகம் வரை கேப்டனும் மாலுமியும் ஒன்றாக. நான்கில் கேப்டன் தனியாள். மாலுமி என்ன ஆனாள்? அக்கா: செத்துட்டாள். நான்: இல்லவே இல்லை. வருஷக்கணக்கான சண்டை.

திண்டிவனம் வந்து டிவியில் மாட்டியதும் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். இரண்டு பேர் இருந்தால்தான் கப்பல் நகரும். அவள் சுக்கான், நான் பீரங்கி. கல்யாணத்துக்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் யாரோடு ஆடுவேன்?

ஜன. 20, செவ்வாய்

லீவு. செய்ய வேண்டியவை: பிளவுஸ் வாங்க, பூவுக்குச் சொல்ல, முறுக்கு டின், கேமில் பனித்தீவுக் கட்டம்.

பனித்தீவு மட்டும் முடிந்தது.

அம்மா: "ஜனங்க வந்துகினு போய்க்கினு இருக்கிறாங்க, கல்யாணப் பொண்ணு பீரங்கி சுட்டுகினு உக்காந்திருக்கிற!"

"சுடறது அவதாம்மா. நான் ஓட்றேன்."

சித்தி வந்தபோது பேட் துப்பட்டாவுக்குள் போனது. அக்கா தலை குனிந்து உட்கார்ந்தாள். "எவ்ளோ அடக்கம் பாரு!" என்றார் சித்தி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கொல்லைக்கு ஓடினேன்.

ஜன. 21, புதன்

கடைசிச் சண்டைதான் பாக்கி. மத்தியானம் மருதாணிக்காரி வந்துவிட்டாள். மறந்தே போனோம்! முழங்கை வரை இரண்டு கையும். "ராத்திரி பூரா இருக்கட்டுங்க, அப்பத்தான் செவக்கும்."

சுக்கானுக்கு ஆள் இல்லை. அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தோம். மூன்று தடவை பாறையில் மோதினார். "ரைட்டும்மா, ரைட்டு!" "ரைட்லதான்டீ போறேன், பாறை வந்து மோதுது!"

அக்கா எழுந்தாள். கொல்லைக் குழாயில் கையைக் கழுவினாள். நான் அலறினேன். திரும்பி வந்து பேட்டைப் பிடித்தாள், கையெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் நிறம். "பீரங்கிய ரெடி பண்ணு."

ஜெயித்தோம்!

மாலுமி சாகவில்லை. கேப்டன் அவளுக்கென்று தனிக் கப்பல் கொடுத்து அனுப்புகிறாள். சிவப்புப் பாய். நான்காம் பாகத்தில் தூரத்தில் வருமே சிவப்புப் பாய்க் கப்பல், அது அவள்தான்! இத்தனை நாளும் அதைச் சுட்டுத் தள்ளியிருக்கிறோம். சிரித்து, பிறகு இருவரும் அழுது, பிறகு மறுபடி சிரிப்பு.

ஜன. 22, வியாழன்

வெயில். கோயிலில் எல்லாம் நல்லபடி. அம்மா அழுகை, நான் இல்லை (பொய்).

சாயங்கால வரவேற்பில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, மருதாணி செவக்கவே இல்ல?"

அக்கா பொய் சொல்லவில்லை. "சீக்கிரமே கழுவிட்டேன் அத்தை. ஒரு கேம் முடிக்க வேண்டியிருந்திச்சி."

மாப்பிள்ளை சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மெர்சி, முடிவ மட்டும் சொல்லிடாத! நீ சொன்னியேன்னு லேப்டாப்ல ஏத்தி, இப்பத்தான் ரெண்டாவது பாகம் ஆடிக்கினு இருக்கேன்!"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்துவிட்டார். போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

நான் கேட்டேன்: "அத ஒத்தையா ஆட முடியாதே. பீரங்கி யாருங்க?"

"யாருமில்லம்மா. ஒரு கையில சுக்கான், ஒரு கையில பீரங்கி. ஒரு வாரமா பாறைலயே நிக்குது."

ஐயோ பாவம். ஞாயிறு மறுவீட்டு விருந்துக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். பீரங்கி நான்தான்.