பனிநாட்டு எஞ்சின் பறந்தது, அண்ணா

என் செல்ல அண்ணனுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. அப்பா அங்கே உன் பக்கத்தில் இருந்தால் அவரிடமும் வேண்டாம். அவருக்கு ரகசியம் தங்காது. வேறு யார் கையிலாவது இந்தத் தாள் கிடைத்தால், படியுங்கள், ஆனால் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உன் வண்டி இன்றைக்கு ஓடியது. ஓடியது என்றால், நீ ஆசைப்பட்ட வேகத்தில் ஓடியது.

சந்தோஷமான சேதிதான். ஆனாலும் நாளைக் காலையில் பழைய இரும்புக்கடைக்காரர் வருகிறார். வேகமே எடுக்காத வண்டி எதற்குக் கொட்டகையை அடைத்துக்கொண்டு என்று அம்மா அவரை வரச்சொல்லிவிட்டாள். வண்டி ஓடுகிறது என்று சொன்னால் கொடுக்காமல் இருப்பாளோ என்னவோ. ஆனால் எப்படி ஓடியது என்று கேட்பாளே. அதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

தூத்துக்குடியில் பழைய சாமான்களுக்கு நடுவிலிருந்து அந்த எஞ்சினை நீ தூக்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? பனிமேல் சறுக்கி ஓடுகிற வண்டியின் எஞ்சின் என்றாய். பனியே பார்க்காத தோவாளையில் அது என்ன செய்யும் என்று தெருவே சிரித்தது. நீ பைப்பு வெட்டி, பற்றவைத்து, நாலு சக்கரம் மாட்டி, அதைக் கோ-கார்ட் ஆக்கினாய். முதல் நாளே வாய்க்கால் கரையில் திரும்பும்போது வண்டியோடு வயலுக்குள் போய் விழுந்தாய். சேறு அப்பிய முகத்தோடு நீ சிரித்துக்கொண்டே எழுந்தாய். பூக்கூடையோடு நின்றிருந்த அம்மா முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வண்டி மந்தமானது. நீ செய்யாத வைத்தியம் உண்டா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரியும் ஈரமுமாக இருந்தது. கார்புரேட்டரில் குளிர்காற்றுக்கு அளந்து வைத்த ஜெட் என்கிற பெட்ரோல் துளை, நம் வெயிலுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக ஊட்டுகிறது என்று சொல்லிச் சின்ன ஜெட் போட்டாய். புகை குறைந்தது, வேகம் கூடவில்லை. பெல்ட்டை மாற்றினாய். கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றினாய். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கார்புரேட்டரைக் கையால் திறந்தால் எஞ்சின் அலறும். ஏறி உட்கார்ந்து ஓட்டினால் பாதி வேகத்தில் முனகும்.

“ஏட்டி, சும்மா சுத்தும்போ பறக்கு. ஆளு ஏறினா கெழவி கணக்கா மூச்சு வாங்குது” என்று என்னிடம் புலம்புவாய். பாரம் தாங்கவில்லை, கிளட்ச்தான் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தாய். அதற்குள் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது.

நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை அண்ணா. எனக்குப் பெடலுக்குக் கால் எட்டவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். எஞ்சினை நிறுத்திவைத்து, ஆக்சிலேட்டர் பெடல்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, பின்னால் போய்க் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதிதான் திறந்திருந்தது. கையால் இழுத்தால் முழுதாகத் திறந்தது. நீ ஒரு தடவை கையால் பார்த்தாய், ஒரு தடவை காலால் பார்த்தாய். வித்தியாசம் பாரத்தில் இல்லை, பெடலில் இருந்தது.

அடித்தகட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பெடலின் தண்டையும் சட்டத்துக் குழாயையும் சேர்த்து ஒரு நூல் கட்டியிருந்தது. பாதிக்குமேல் பெடல் போகாதபடி, அளந்து கட்டிய நூல். கிரீசும் சேறும் அப்பிக் கறுத்துப்போயிருந்ததால் இரும்போடு இரும்பாகத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன். கல்யாண மாலைக்கு முறுக்குகிற கனத்த நூல். வாழைநார் என்றால் அறுந்துவிடும் என்று கட்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முடிச்சைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் இடக்கையால் கட்டுகிற மாலையில் முடிச்செல்லாம் எதிர்ப்பக்கம் சாயும் என்று கேலி செய்வாயே. இது அம்மா கட்டுவதுபோல வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

நீ அம்மாவிடம் ஒருநாள் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? இது ஏன்மா வேகமே எடுக்க மாட்டேங்குது என்று. அவள் பிச்சிப்பூவைத் தொடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “போற வேகம் போரும் மக்கா.”

எனக்குக் கோபம் வரவில்லை, அண்ணா. சிரிப்புத்தான் வந்தது. உனக்கு வந்திருக்குமா கோபம்?

முடிச்சை அறுக்க மனம் வரவில்லை. ஊசியால் நெம்பி அவிழ்த்தேன். முதுகுக்கு ரெண்டு தலையணை வைத்து, உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு களத்துக்கு ஓட்டிப் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடித்த அடியில் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. பெடலை முழுதாக மிதித்தேன். முனகல் நின்று எஞ்சின் ஒரே சுருதியாகப் பாடியது. களத்தில் கிடந்த வைக்கோல் எல்லாம் என் பின்னால் எழும்பி வந்தது. திருப்பத்தில் மட்டும் காலை எடுத்துவிட்டேன், நீ விழுந்தது ஞாபகம் வந்ததால். ஹெல்மெட்டுக்குள் இன்னும் உன் தேங்காயெண்ணெய் வாசம் இருக்கிறது.

அம்மா வருவதற்குள் வண்டியைக் கொட்டகையில் விட்டு, பயந்துபோய், அந்த நூலை எடுத்து அதே இடத்தில் அதேபோலக் கட்டிவைத்துவிட்டேன்.

இப்போது என்ன செய்வது? சொன்னால், உன் கடைசி மாதங்களில் நீ குனிந்து குனிந்து தேடிய கோளாறு அவள்தான் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் கடைக்காரர் வருவதற்கு முன்னால் அவளைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிக்காட்டுவேன். திருப்பத்தில் காலை எடுப்பேன் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். உன் வண்டியை இரும்பாக...

கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. இந்நேரத்துக்கு அம்மா அங்கே எதற்குப் போகிறாள்? இரும்புக்கடைக்காரர் கண்ணில் படுவதற்கு முன்னால் அந்த நூலை அவிழ்த்துவிடத்தானா?

வருகிறாள். கதவைத் தட்டுகிறாள், அண்ணா.

“ஏட்டி, நீ ஒறங்கல்லன்னு தெரியும். இந்த முடிச்சு எதிர்ப்பக்கம்லா சாயுது.”

திறக்கப்போகிறேன்.

உன் தங்கச்சி